கான்டசா 1.8 சூடாகிறது: தெர்மோஸ்டாட்டை வீசச் சொல்பவர்கள் வரிசையில் வரவும்

2 மே 2024, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன், பதில்களை இந்த இழையிலேயே எழுதுங்கள், நானும் இங்கேயே பதில் சொல்கிறேன். இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கார், கான்டசா கிளாசிக் 1.8, இசுசு பெட்ரோல் என்ஜின், கார்புரேட்டர் வண்டி, ஏசி உண்டு. கோவை அவினாசி ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போனால் ஹோப் காலேஜ் தாண்டுவதற்குள் சூட்டு மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. காட்டிய மெக்கானிக் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில்: "தெர்மோஸ்டாட் வால்வை எடுத்து வீசிருங்க சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?"

(என்ஜின் தண்ணீர் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது.) வீசியாகிவிட்டது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ வீசிவிட்டார். அப்புறமும் சூடாகிறது. இனி எதை வீசுவது, என்ஜினையா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடிக்க வருபவர்கள் வரலாம். இந்த வண்டியின் கோளாறு சூடு இல்லை. சூட்டுக்கென்று முப்பது வருடமாக ஆளாளுக்குப் பார்த்த வைத்தியம்தான். பெரியப்பா ஒரு கான்டசா வைத்திருந்தார். மே மாத மத்தியானத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஈரோட்டுக்கு ஆறு பேர் போவோம், ஒருநாளும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றதில்லை.

3 மே

"கான்டசாவை பெர்ஃபார்மன்ஸ் கார்னு சொல்றியா" என்று சிரித்திருக்கும் தம்பிக்கு. 2024-ல் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு வரும்தான். 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை உத்தரபாராவில் கட்டத் தொடங்கியபோது உடம்பு மட்டும்தான் பெரிது. வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரின் உடம்பு, உள்ளே அம்பாசடரில் ஓடிய அதே 1489 சிசி என்ஜின், 50 குதிரைசக்தி பக்கம். ஓவர்டேக் செய்ய முகூர்த்தம் பார்க்க வேண்டும். பிறகு இசுசுவின் 1817 சிசி என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகு கதை மாறியது. 88 குதிரை, பின் சக்கர டிரைவ். ரோட்டில் மற்றவை எல்லாம் அம்பாசடர், பத்மினி, மாருதி 800. அந்தக் கூட்டத்தில் இது ராஜா. 2002-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

சரி, வரலாறு போதும்.

5 மே, ஞாயிறு

நேற்று கத்திரி தொடங்கியது, சோதனைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சூடாகிறது என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எப்போது சூடாகிறது என்று சொன்னால் பாதி விடை அதிலேயே வந்துவிடும். நின்றால் சூடு, ஓடினால் குறைகிறது என்றால் காற்றுப் பிரச்சினை: ஃபேன், கவுல் (ஃபேனைச் சுற்றி இருக்கும் வளையக் கூடு), கன்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி பாகம்). நெரிசலில் பரவாயில்லை, பைபாஸில் 90-ல் போனால் ஏறுகிறது என்றால் தண்ணீர்ப் பிரச்சினை: கோர் (ரேடியேட்டரின் டியூப்களும் தகடுகளும்) அடைப்பு, வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), கீழ் ஹோஸ். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) சந்தேகப்பட வேண்டும். ஆஃப் செய்த பிறகு முள் கொஞ்சம் ஏறுவது கோளாறே இல்லை, பம்ப் நின்றதும் ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே நிற்கும், அவ்வளவுதான்.

என் வண்டிக்கு முதல் இரண்டும் இருக்கிறது. அதுதான் தலைவலி. நெரிசலிலும் ஏறுகிறது, நீலாம்பூர் பைபாஸில் வேகமாகப் போனாலும் ஏறுகிறது, நடுவில் 50, 60-ல் மட்டும் சாதுவாக இருக்கிறது.

அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பளபளக்கும் பித்தளையிலோ அலுமினியத்திலோ நேராகக் காட்டினால் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அடியுங்கள். முள் சிவப்பில் இருக்கும்போது ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடத்தில் 102 காட்டியது. ஆக முள் பொய் சொல்லவில்லை.

கோரின் முகத்தில் கட்டம் கட்டமாக அடித்துப் பார்த்தேன். நடுவில் 90-க்கு மேல். இடது பக்கம் கீழ் மூலையில் 55. அந்த மூலையில் தண்ணீரே ஓடவில்லை.

6 மே

"முள்ளுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டா பிரச்சினை தீர்ந்துடும்" என்று எழுதிய புண்ணியவானுக்கு: எனக்கு முன்னால் இருந்தவர் அதற்கும் பக்கத்தில் வந்திருக்கிறார். எச்சரிக்கை பல்பைக் கழற்றியிருக்கிறார்.

12 மே

தெர்மோஸ்டாட் விவகாரம். மூன்று பேர் தனியாகவும் கேட்டுவிட்டார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், அதனால் சூடு குறையும் என்பது ஒரு கட்சி. எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் வேகமாக ஓடிவிடும், அதனால் சூடு கூடும் என்பது எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சி சொல்லும் முடிவு பல வண்டிகளில் சரி, காரணம் தப்பு. தண்ணீர் வேகமாக ஓடினால் சூடு அதிகமாகத்தான் கைமாறும், குறைவாக இல்லை. ஒரு சுற்றில் கொஞ்ச நேரம்தான் ரேடியேட்டரில் இருக்கிறது என்றால் என்ஜினிலும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, ஒரு நிமிடத்துக்கு அத்தனை சுற்று அதிகம்.

உண்மையான காரணம் வேறு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பக்கத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு குறுக்குவழியில் சூடாகவே என்ஜினுக்குத் திரும்பிவிடும். அடுத்தது, வால்வு முழுதாகத் திறந்திருந்தாலும் அந்த இடம் கொஞ்சம் குறுகல்தான். பம்ப் தள்ளும் தண்ணீர் அங்கே இடறுவதால் பிளாக்குக்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் அழுத்தம் கொஞ்சம் கூடி நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி இருக்கும் இரும்பும் அலுமினியமும் தண்ணீரைவிட மிக அதிகச் சூடு, அங்கே ஆவிக்குமிழி வராமல் பிடித்து வைக்க அந்த அழுத்தமும் உதவுகிறது. குமிழிகள் சேர்ந்து ஆவிப் படலமாகிவிட்டால் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பு அறுந்துபோகும். மீட்டர் 95 காட்டும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

அப்புறம் காலையில் என்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும், பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும். இதையெல்லாம் நம் ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

82 டிகிரி வால்வு ஒன்று வாங்கினேன். போடுவதற்கு முன் வீட்டு அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வவைத்து அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 83-ல் வால்வு திறக்கத் தொடங்கி நூல் நழுவியது, 95-ல் முழுதாகத் திறந்தது. மனைவி அந்தப் பாத்திரத்தை இனி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மெழுகு உருண்டை இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும், ஜிகிள் பின் என்கிற அந்தச் சின்ன ஆணி மேல்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும்.

19 மே

ரேடியேட்டரைக் கழற்றி உக்கடம் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பாய்க்கு எழுபது வயதிருக்கும். கோரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கான்டசாவா? நல்ல கோருங்க, பித்தளை. இப்ப வர்ற பிளாஸ்டிக் டேங்க் மாதிரி இல்ல. தூக்கிப் போட்றாதீங்க" என்றார்.

கேஸ் ஃபிளேமை வைத்து மேல் டேங்கின் விளிம்பைச் சுற்றிக் காட்டினார். ஈயம் பளபளவென்று இளகி ஓடியது, டேங்கை ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிட்டார். உள்ளே பார்த்தால் டியூப் வாய்களில் மூன்றில் ஒன்று தெரியவே இல்லை. செம்பழுப்புச் சேறும், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்பும். ஒரு துண்டை நகத்தால் பெயர்த்தேன், முட்டை ஓட்டின் கனம் இருந்தது. போர் தண்ணீர் ஊற்றிய பலன். கோவையில் ஆயிரம் அடி போரில் வரும் தண்ணீரைக் குடத்தில் வைத்தாலே குடம் வெள்ளையாகிறது, அதை 100 டிகிரியில் வருடக்கணக்கில் சுற்றவிட்டால் வேறென்ன ஆகும்?

பாய் தட்டையான எஃகுப் பட்டை ஒன்றை ஒவ்வொரு டியூபாக விட்டு இழுத்தார். சில டியூபில் அரைவாசி வரை போய் நின்றுவிட்டது. அங்கே அவசரப்படவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு, கொஞ்சம் திருப்பி, மறுபடி. பட்டையை முறுக்கித் திணித்தால் டியூப் கிழிந்துவிடும், அப்புறம் அந்த டியூபை இரண்டு பக்கமும் அடைக்க வேண்டியதுதான் என்றார். கடைசியில் அப்படி அடைத்தது இரண்டே இரண்டு. டேங்கைத் திரும்ப ஈயம் பத்த வைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று விட்டுப் பார்த்து, மேல் முகத்துக்கு மட்டும் மெல்லிசாகக் கறுப்பு அடித்தார். கனமாகப் பெயின்ட் அடித்தால் அதுவே போர்வையாகிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்துவிட்டுப் பிளாக்கை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் பிளாக்கில் இருக்கும் சேறு முழுவதும் சுத்தம் செய்த கோருக்கு வந்து சேரும். அதனால் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் டம்மிகளை (ஓட்டைகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்தேன். பின்பக்கத்து டம்மிக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டால் தண்ணீர் வரவில்லை, களிமண் வந்தது. ஹோஸ் வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறித் தண்ணீர் அடித்தேன், தரை முழுக்கச் செம்மண் ஆறு. பின்னால் இருக்கும் சிலிண்டர்தான் முதலில் சூடாகும் என்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சேறு, ஓட்டம் குறைந்த மூலையில் வந்து படியும்.

20 மே

ஆசிட் ஊற்றலாமா என்று கேட்ட மதுரைக்காரருக்கு. கழிவறை ஆசிட்டை ரேடியேட்டரில் ஊற்றும் கடைகள் இருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். உப்பு கரையும்தான். கூடவே ஈயப் பத்து, அலுமினிய ஹெட், வாட்டர் பாடி எல்லாம் கரையும். சிட்ரிக் அமிலத்தை லேசாகக் கலந்து, கழற்றிய பித்தளைக் கோரில் மட்டும் விட்டு நன்றாக அலசினால் பரவாயில்லை. அலுமினிய ஹெட் மாட்டிய என்ஜினில் அதையும் ஊறப்போட மாட்டேன்.

கூலன்ட் எவ்வளவு? நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஊட்டியில் விடிகாலைப் பனியைத் தவிர. பாதிக்குப் பாதி அவசியமே இல்லை. கிளைகால் கூடக் கூடத் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். கெட்டியாக வரும் கூலன்டை மூன்றில் ஒரு பங்கு, மீதி டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) என்று கலந்தேன். துருத் தடுப்புக்கு அது போதும். ரெடிமேடாகக் கலந்து வருவதில் மறுபடியும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பச்சையையும் ஆரஞ்சையும் கலக்காதீர்கள்.

2 ஜூன்

பைபாஸ் ரோட்டுச் சூடு போய்விட்டது. 90-ல் போனாலும் முள் நடுவில் நிற்கிறது. (அப்படித்தான் இன்று நினைக்கிறேன். ஆடி மாதம் வரட்டும்.) நெரிசல் சூடு அப்படியே இருக்கிறது.

இடையில் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தேன். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. மூடி என்றால் வெறும் மூடி இல்லை, அதில் இரண்டு வால்வு இருக்கிறது. பெரிய வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு, என்ஜின் ஆறும்போது பக்கத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. என் மூடியில் சின்ன வால்வு துருவேறி ஒட்டிக்கிடந்தது, பெரிய வால்வின் ரப்பர் வெடித்திருந்தது, ஏதோ ஒரு வேனின் மூடியை மாட்டியிருந்தார்கள். சூடானால் பாட்டிலுக்குப் போகும், ஆறினால் திரும்பி வராது. மேல் டேங்க் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி. பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

ஊட்டிக்கு ஏறினால் மட்டும் கொதிக்கிறது என்பவர்களுக்கும் இதே பதில். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். மூடி செத்திருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். 82-ல் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் 93-க்கும் நடுவில் என்ன இடைவெளி இருக்கிறது? மூடி உயிரோடு இருந்தால் அங்கேயும் 114, 115 வரை தாங்கும். மலை ஏறும்போது கார் கெட்டுப்போனதாக நினைத்து ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். எழுதுகிறேன். துணி போட்டும் திறக்கக் கூடாது.

9 ஜூன்

டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம். இது என் பட்டியலிலேயே இல்லை, சேலத்து அண்ணன் இங்கே கேட்ட கேள்வியால்தான் பார்த்தேன். அவர் கேட்டது: "எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ராத்திரியில சிவக்குதா?"

முழுதாகச் சிவக்கவில்லை, ஆனால் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் தீப்பொறி வர வேண்டிய இடத்துக்கு நன்றாகவே பின்னால் வந்துகொண்டிருந்தது. என்றோ என்ஜின் கிடுகிடுவென்று நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) அடித்திருக்கிறது, யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பின்னால் தள்ளி அதை அடக்கியிருக்கிறார்கள். தீப்பொறியை முன்னால் கொண்டுவரும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது, அதன் வாயில் ஒரு மர ஸ்க்ரூ. கதவுக்குப் போடுகிற ஸ்க்ரூ. அதை மேஜையில் வைத்திருக்கிறேன்.

தீப்பொறி தாமதமானால் எரிவதும் தாமதம். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சிலிண்டர் சுவரிலும் எக்ஸாஸ்ட் வழியிலும் போய்த் தண்ணீரில் இறங்குகிறது. பவரும் போகும், சூடும் கூடும். டயாஃப்ரம் மாற்றி, ஹோஸ் மாற்றி, டைமிங்கைப் புத்தகத்தில் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தேன். பங்கில் நான் போட்டது 91 ஆக்டேன், நாக்கிங் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டரில் கொஞ்சம் லீனாக (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) எரியும் என்பதால் மிக்சரில் பெட்ரோலை ஒரு நூல் கூட்டினேன். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. சூடு எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஐடிலில் நின்றால் முள் ஏறுவது மட்டும் முன்னைவிட நிதானமாக இருக்கிறது.

அண்ணே, நன்றி. சேலம் வந்தால் தட்டுவடை செட் என் செலவு.

21 ஜூலை

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், முள்ளும் பறக்கிறது.

வாளையார் வழியாகப் பாலக்காடு போய்வந்தேன். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் காற்று தெரியும்தானே, வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். போகும்போது 80-ல் எதிர்காற்று, முள் நடுவுக்குக் கீழே. திரும்பும்போது அதே ரோடு, அதே 80, காற்று முதுகில், முள் நடுவைத் தாண்டி ஏறி நின்றது. போகும்போது எதிர்காற்றுக்கு என்ஜின் அதிகம் உழைக்கிறது, அப்போதுதான் குறைந்த சூடு. ஆக பைபாஸ் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஜூன் மாதம் நினைத்தது பாதிதான் சரி. கோருக்குப் போய்ச் சேரும் காற்று இன்னும் விளிம்பில்தான் இருக்கிறது, காற்றே தள்ளிக்கொடுத்தால் சமாளிக்கிறது, கொடுக்காவிட்டால் திணறுகிறது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டருக்கும் முன் பேனலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் விரல் நுழையும் சந்து. அங்கே ஒரு காலத்தில் ஃபோம் பட்டை இருந்த பசைத் தடம் மட்டும் இருக்கிறது. கோரின் நெருக்கமான தகடுகள் வழியாகப் போவதைவிடச் சந்து வழியாகப் போவது காற்றுக்குச் சுலபம். வண்டி நின்றால் இன்னும் மோசம், என்ஜின் பக்கத்துச் சூடான காற்று அதே சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி கோருக்குள் போகும். கதவுக்கு ஒட்டும் ரப்பர் ஃபோம் வாங்கி அடைத்தேன். இந்தத் தொடரிலேயே மலிவான வேலை.

22 ஜூலை

இன்னொன்று நேற்று எழுத விட்டுப்போனது. பானெட்டைத் திறந்து வைத்து, கையால் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்து என்ஜினை நிமிடத்துக்கு 3500 சுற்றுக்குக் கொண்டுபோய்க் கீழ் ஹோஸைப் பாருங்கள். என் வண்டியில் அது நடுவில் ஒட்டிப்போய்ச் சப்பையானது, விட்டால் மறுபடி உப்பியது. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம், உள்ளே சுருள் கம்பி இருக்க வேண்டும். மீட்டர் கணக்கில் விற்கும் ஹோஸை வெட்டி மாட்டியிருந்தார்கள், கம்பி இல்லை. ஸ்பிரிங் செய்கிற கடையில் துருப்பிடிக்காத கம்பியில் அளவுக்குச் சுற்றி வாங்கிப் போட்டேன்.

11 ஆகஸ்ட்

ஃபேன். கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் வேலை அதிகம்.

என் வண்டியில் என்ஜினோடு சுற்றும் பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் சின்னக் காரின் கரன்ட் ஃபேன் இரண்டு மாட்டியிருந்தார்கள். கவுல் கிடையாது. காரணம் கேட்டால் "பெல்ட் ஃபேன் பவரைத் திங்கும்". நின்று போகும் நெரிசலில் எந்தப் பவரை மிச்சம் பிடித்து எங்கே போகப் போகிறோம்?

மே மாதம் எழுத உட்கார்ந்திருந்தால் கரன்ட் ஃபேனைத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். மீட்டர் வைத்து ஃபேன் முனையில் அளந்தேன்: ஐடிலில், ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் 10.4 வோல்ட். பேட்டரியில் 13.2. நடுவில் காணாமல் போன வோல்ட் எல்லாம் நூல் தடிமன் வயரிலும் ரிலே இல்லாத ஸ்விட்ச்சிலும் சூடாகப் போகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் ஏனோதானோ என்று. நல்ல வயரும் ரிலேவும் எர்த்தும் கொடுத்திருந்தால் அதே ஃபேன் ஒழுங்காக வேலை செய்திருக்கும். ஃபேன் கெட்டதல்ல, மாட்டின விதம் கெட்டது.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கு ஒரு கணக்கு. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள்தான் சக்கரத்துக்கு வருகிறது, கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீருக்குப் போகிறது, மீதி புகையோடு. 88 குதிரை என்றால் 65 கிலோவாட். மலையில் பாதிப் பவரில் ஏறினால்கூட 30 கிலோவாட் பக்கம் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் ஹீட்டர் பதினைந்தைச் சேர்த்துப் போட்ட சூடு. கூடவே ஏசி கன்டென்சரின் சூடு முன்னால் நிற்கிறது. பழைய ஆர்12 கேஸை எடுத்துவிட்டு ஆர்134ஏ ஏற்றிய வண்டிகளில் கன்டென்சர் அழுத்தமும் சூடும் இன்னும் கூடுதல்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பெல்ட் ஃபேன் கிடைத்தது. கவுல் கிடைக்கவில்லை, கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டிங்கர் ஒருவரிடம் அட்டையில் வரைந்து கொடுத்துத் தகட்டில் செய்தேன். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி வளையத்துக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும், முழுதாக உள்ளே போனால் காற்றை வெளியே தள்ள முடியாமல் கலக்கிக்கொண்டிருக்கும். இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் விட்டோம். குறைத்தால் நல்லதுதான், ஆனால் என்ஜின் மவுன்ட் ரப்பர் பழசு, கிளச்சை விடும்போது என்ஜின் ஆடும், இறக்கை கவுலில் அடிக்கும். மவுன்ட்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று.

கரன்ட் ஃபேன் ஒன்றைக் கன்டென்சருக்கு முன்னால் வைத்துக்கொண்டேன், ஏசி போட்டால் ரிலே வழியாக ஓடும். இன்னொன்று வேண்டுமானால் யாராவது வந்து எடுத்துக்கொள்ளலாம்.

13 ஆகஸ்ட்

லண்டனிலிருந்து ஒரு அண்ணன் ட்ரயம்ஃப் ஸ்டாக் என்ற பிரிட்டிஷ் கார் பற்றி எழுதியிருக்கிறார், "உங்கட கான்டசா எல்லாம் ஒண்டுமில்லை தம்பி" என்று. ஒத்துக்கொள்கிறேன். சூட்டுக்குப் பேர் போன கார் அது. 1970-ல் வந்தது, 2997 சிசி வி8, இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட். வாட்டர் பம்பை என்ஜினின் வி பள்ளத்துக்குள் மேலே உட்கார வைத்தார்கள். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் பம்ப் காற்றைத்தான் குடிக்கும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்த என்ஜினில் துருத் தடுப்பு இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு, அரித்த துகள் போய்க் கோரில் அடைப்பு. அந்த என்ஜினை எடுத்துவிட்டு ரோவர் வி8 என்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அங்கேயும் இன்று ஒழுங்காக ஓடும் ஸ்டாக்குகள் பல சொந்த என்ஜினோடுதான் ஓடுகின்றன. சுத்தமான பிளாக், நல்ல கோர், கூலன்ட், உயரத்தில் ஒரு ஹெடர் டேங்க். அண்ணன் தன் வண்டியில் செய்ததும் அதுதானாம்.

ட்ரயம்ஃப் என்றதும் நம்ம ஊர் ஸ்டாண்டர்டு கம்பெனி நினைவு. சென்னையில் ஹெரால்டு கட்டியவர்கள் 1980-களில் ரோவர் எஸ்டி1 உடம்பில் பழைய நாலு சிலிண்டர் 1991 சிசி என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். அழகுக்கு அதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தனி இழை தொடங்குங்கள், படிக்க ஆசை.

8 செப்டம்பர்

மேட்டுப்பாளையம், பர்லியாறு, குன்னூர். முகூர்த்த நாள், ரோடு முழுக்க டூரிஸ்ட் பஸ். இதைவிடக் கேவலமான சோதனை எனக்குத் தெரியாது: இரண்டாவது கியர், 20 கிலோமீட்டர் வேகம், முன்னால் பஸ்ஸின் சூடான புகை, கொண்டை ஊசியில் நிற்க வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். ஏசி போட்டிருந்தேன். பர்லியாறு தாண்டியதும் முள் நடுவுக்கு மேல் ஒரு நூல் ஏறியது, அங்கேயே நின்றது. ஓரம் கட்டிப் பானெட்டைத் திறந்து துப்பாக்கி அடித்தேன்: ஹெட் பக்கம் 93, கீழ் ஹோஸ் 84. மே மாதம் தட்டையான ரோட்டில் 102 காட்டிய வண்டி.

பக்கத்தில் ஒரு புதுக் காரிலிருந்து இறங்கியவர் "என்ன சார், ஹீட் ஆயிடுச்சா? தெர்மோஸ்டாட்டை எடுத்துருங்க" என்றார்.

அவினாசி ரோட்டில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. மத்தியானம் ஏசியோடு நீண்ட நேரம் நின்றால் 97 வரை போகிறது. ஐடில் கொஞ்சம் குறைவு, ஏசி போட்டால் ஐடிலைத் தூக்கும் சின்ன டயாஃப்ரம் வேலை செய்யவில்லை. ஐடில் கூடினால் ஃபேனும் பம்பும் கூடவே கூடும். அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

10 செப்டம்பர்

திருப்பூர் தம்பிக்கு: ஹெட்லைட் போட்டால் முள் குதிக்கிறது, அணைத்தால் இறங்குகிறது என்றால் அது சூடு இல்லை, எர்த். மீட்டர் போர்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் வயரைச் சுரண்டி இறுக்குங்கள், என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பட்டையையும் பாருங்கள். அதற்கு முன்னால் ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் பாய் கடை வெள்ளிக்கிழமை மத்தியானம் இருக்காது, வியாழனே போய்விடுங்கள்.